மக்கு

தச்சு வேலையில் மக்கு என்று ஒன்று உண்டு. ஆணி இறங்கிய குழி, இரண்டு பலகைகள் கூடுமிடத்தில் விழும் சந்து, இவற்றையெல்லாம் அடைக்க மரத்தூளையோ சுண்ணாம்புப் பொடியையோ பசையில் குழைத்து வைப்பது. மேலே வர்ணம் ஏறிவிட்டால் மக்கு இருக்குமிடம் யாருக்கும் தெரியாது. புத்தி மந்தமானவர்களையும் மக்கு என்கிறோம். இரண்டும் ஒரே சொல்தானா, வெவ்வேறா என்பதைச் சொல்லாராய்ச்சிக்காரர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். 1856இல் ருடால்ஃப் ஃபிர்கோ என்ற ஜெர்மானியர், மூளையில் நரம்பணுக்களுக்கு நடுவே நிறைந்து கிடந்த ஒரு வஸ்துவுக்கு வைத்த பெயரைத் தமிழில் ‘நரம்பு மக்கு’ என்று சொன்னால் அநேகமாகப் பிசகில்லை. அவர் உபயோகித்த ஜெர்மன் வார்த்தை ஜன்னல் சட்டத்தில் கண்ணாடி பதிக்க வைக்கும் களிம்பைக் குறிப்பது. கூடவே பசை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை வைத்து நியூரோகிளையா என்றும் சொன்னார். அதில் பின்பாதிதான் நிலைத்தது. இந்தக் கட்டுரையில் நானும் கிளையா என்றே எழுதப் போகிறேன். மக்கு என்று ஆரம்பித்ததற்குக் காரணம் வேறு. எங்கள் அத்தையை வீட்டில் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

சென்னையிலிருந்து திருப்பதி போகும் சாலையில், திருவள்ளூர் தாண்டி, திருத்தணிக்கு முன்னால் கனகம்மாசத்திரம். ஊரின் பெயரிலேயே ஒரு பெண் இருக்கிறாள். போகிறவர்கள் இறங்கிக் கால் நீட்டிவிட்டு மறுபடி ஏறிப் போகிற இடம் என்பதும் பெயரிலேயே இருக்கிறது. நாங்கள் அங்கே தங்கிவிட்டவர்கள். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், திட்டுவதற்கு இரண்டும். 1953இல் எங்கள் பக்கம் ஆந்திர ராஜ்யத்தோடு போயிற்று. 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி தாலுகா சென்னை ராஜ்யத்துக்குத் திரும்பியபோது அத்தைக்குப் பன்னிரண்டு வயது. தெலுங்கில் ஐந்தாவது வரை படித்திருந்தாள். எல்லைக்கோடு தன் தலைக்கு மேலே போய் வந்ததைப் பற்றி அவள் எப்போதும் எதுவும் சொன்னதில்லை. படிப்பு அதோடு நின்றது. தமிழ் எழுத்தைப் பஸ் போர்டுகளைப் பார்த்து அவளாகக் கற்றுக்கொண்டாள். இருபத்திரண்டு வயதில் புருஷனை இழந்து திரும்பி வந்தாள். அம்மா பள்ளிக்கூட வேலைக்குப் போய்க்கொண்டிருந்ததால் என்னை வளர்த்தது அத்தைதான். ஒன்று கேட்டால் பதில் வர நேரமாகும். அதனால் மக்கு. வந்த பதில் எப்படி இருந்தது என்று யாரும் கவனித்ததாக ஞாபகமில்லை.

எண்பதுகளில் நண்பர்கள் இருவரோடு சேர்ந்து ஒரு பத்திரிகை நடத்தினேன். ஏழு இதழ்கள் வந்தன. தமிழில் இது தீர்க்காயுள்தான். கவிதைகளை நாங்கள் தேர்ந்தெடுத்தோம், பிரகடனங்களை நாங்கள் எழுதினோம், மூன்றாம் இதழிலேயே எங்களுக்குள் சண்டையும் போட்டுக்கொண்டோம். அஞ்சல் உறை ஒட்டியது அத்தை. மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்கத் துளி மயில்துத்தம் போட்டு, கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து முந்நூறு உறைகளை ஒட்டுவாள். முகவரிகளை எழுத்துக் கூட்டி வாசிப்பாள். நம் இலக்கிய உலகத்தின் பல பெரிய பெயர்கள் அவளுக்குத் தெரு, பின்கோடு சகிதம் பரிச்சயம்.

1986இல் நான் ஒரு கவிதை எழுதினேன். எங்கோ ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் மூளையைப் பற்றிப் படித்ததன் விளைவு. நரம்பணுக்கள் நட்சத்திரங்கள், அவற்றுக்கு நடுவே பெயரற்ற பசை, பசையின்றி வானமில்லை என்கிற ரீதியில் போகும். அத்தைக்குச் சமர்ப்பணம். அந்தக் காலத்தில் நம்மில் பாதிப்பேர் குவாண்டம் பௌதிகத்துக்கும் வேதாந்தத்துக்கும் கல்யாணம் நடத்தி வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் கொஞ்சம் கௌரவமான புரோகிதம் செய்வதாக நினைத்துக்கொண்டேன். ஒரு நண்பர் அஞ்சலட்டையில் இரண்டே வரி எழுதினார்: உங்கள் அத்தை பசை இல்லை, அவரைப் பசை என்று சொல்வதில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. பொறாமை என்று தீர்மானித்து அட்டையைக் கிழித்துப் போட்டேன். அவர் சொன்னது அத்தையைப் பற்றிச் சரியா என்பது ஒருபுறமிருக்க, மூளையைப் பற்றியே என் கவிதை அச்சாகும்போது இரண்டு வருஷம் பழசாகியிருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது.

என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். நரம்பணுவுக்கும் நரம்பணுவுக்கும் நடுவே நூலிழையிலும் மெல்லிய ஓர் இடைவெளி இருக்கிறது. இந்தக் கரையிலிருந்து ஒரு ரசாயனம் உமிழப்பட்டு அந்தக் கரையில் உள்ள பூட்டுகளில் போய்ப் பொருந்தும். குளுடமேட், காபா, நோரட்ரினலின் என்று இந்தத் தூதர்களுக்குப் பெயர்கள். தூது நரம்பணுவிலிருந்து நரம்பணுவுக்குத்தான் என்பது சம்பிரதாயமான நம்பிக்கை. பக்கத்தில் இருக்கும் கிளையா, சுவருக்குக் காது இல்லை என்பதுபோல, சும்மா இருப்பது. 1966இலேயே குஃப்ளரும் அவரது சகாக்களும், நரம்பு வேலை செய்யும்போது வெளியே கசியும் பொட்டாசியத்தால் கிளையாவின் மின் அழுத்தமும் மாறுகிறது என்று காட்டியிருந்தார்கள். ஆனால் அது, பக்கத்து வீட்டில் சமைத்தால் நம் வீட்டில் புகை வருவதுபோல என்று விட்டுவிடக்கூடிய விஷயம். 1984இல் அப்படி விட முடியாமல் போயிற்று. கெட்டன்மானும் சகாக்களும் ஜெர்மனியில், போமனும் கிமல்பர்க்கும் அமெரிக்காவில், தனியே வளர்த்த அஸ்ட்ரோசைட்டுகளின்மேல் குளுடமேட்டை விட்டுப் பார்த்தார்கள். அஸ்ட்ரோசைட் என்பது கிளையாவில் நட்சத்திர வடிவமான வகை. (என் கவிதையில் நட்சத்திரங்களை நான் தப்பான பக்கத்தில் வைத்திருந்தேன் என்பதையும் கவனிக்க வேண்டும்.) அருகில் நரம்பணுவே இல்லாத அந்தப் பாத்திரத்தில், கிளையா நேரடியாகப் பதில் சொல்லிற்று. பூட்டுகள் அதனிடமும் இருந்தன. காபாவைக் கொடுத்தபோதும் கேட்டது.

1990இல் ஆன் கார்னெல்-பெல் குழுவினர், குளுடமேட் பட்ட அஸ்ட்ரோசைட்டின் உள்ளே கால்சியம் ஏறுவதையும், அந்த ஏற்றம் ஓர் அணுவிலிருந்து அடுத்ததற்கு அலையாகப் பரவுவதையும் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். மின்சாரத்தின் வேகம் இல்லை. விநாடிக் கணக்கில் நகர்கிற அலை. ஒன்று கேட்டால் பதில் வர நேரமாகும் என்ற ஜாதி. மின்முனையை மட்டும் வைத்துக்கொண்டு தேடியவர்களுக்கு இது இத்தனை காலம் ஊமையாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. கருவி எதைக் கேட்கத் தெரிந்ததோ அதுதான் பேச்சு என்றாகிவிடுகிறது.

கேட்கிறது, சரி. திருப்பிச் சொல்கிறதா? 1994லிருந்து இதில் பெரிய சச்சரவு. அஸ்ட்ரோசைட் தானும் குளுடமேட்டை வெளியிட்டு நரம்பணுக்களை உசுப்புகிறது என்றது ஒரு கட்சி. பாத்திரத்தில் நடப்பது உயிருள்ள மூளையில் நடக்கும் என்பதற்கு என்ன அத்தாட்சி என்றது மறு கட்சி. நம் சிறுபத்திரிகைச் சண்டைகளுக்குச் சற்றும் குறையாத காரத்தோடு வருஷக்கணக்கில் நடந்தது. இதற்கும் முந்தைய சண்டை ஒன்று உண்டு. நரம்பணுவைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டிய மகா மேதை கஹால், தன் சாயத்தில் சரியாக விழாத சில அணுக்களை ‘மூன்றாவது மூலகம்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்தார். அவரிடமிருந்த டெல் ரியோ ஹோர்தேகா வேறொரு வெள்ளிச் சாயம் கண்டுபிடித்து, அந்த மூட்டைக்குள் இரண்டு தனி இனங்கள் இருப்பதை 1919இலும் 1921இலும் பெயரிட்டுச் சொன்னார். மைக்ரோகிளையா, ஆலிகோடென்ட்ரோகிளையா. நடுவில் 1920இல் கஹாலின் சோதனைச்சாலையிலிருந்து வெளியேற வேண்டியதாயிற்று. கடைசியில் ஸ்பெயினிலிருந்தே அகதியாகி, 1945இல் ப்யூனஸ் அயர்ஸில் செத்துப்போனார். குருக்களின் சாயத்தில் விழாதவற்றைப் பார்க்க முயன்ற சிஷ்யர்களின் கதி எல்லாத் துறைகளிலும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

எண்ணிக்கை விவகாரத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். கிளையா நரம்பணுக்களைப்போலப் பத்து மடங்கு என்று பாடப்புத்தகங்கள் வெகுகாலம் சொல்லிவந்தன. நானும் கவிதையில் சொன்னேன். 2009இல் பிரேசிலில் எண்ணிப் பார்த்தார்கள். நரம்பணு சுமார் 8,600 கோடி, மற்றது ஏறக்குறைய அதே அளவு. சமம். பெரும்பான்மையின் மௌனம் என்ற என் வரி இதோடு காலி.

மூளை எப்படி உண்டாகிறது என்பதில்தான் பசைக் கொள்கை அடியோடு கவிழ்ந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. கருவில் மூளை ஒரு குழாய். அதன் உட்சுவரை ஒட்டி நிற்கும் ரேடியல் கிளையா என்ற அணுக்கள் அங்கிருந்து வெளிச்சுவர் வரைக்கும் ஒரு நீண்ட நாரை நீட்டி வைத்திருக்கின்றன. பிறந்த நரம்பணுக்கள் இந்த நாரைப் பற்றித் தொற்றி ஏறித் தத்தம் இடத்துக்குப் போகின்றன என்று எழுபதுகளின் ஆரம்பத்தில் பாஸ்கோ ராகிச் காட்டினார். ஆக, கிளையா ஏணி. முப்பது வருஷம் அது ஏணியாகவே இருந்தது. 2001 வாக்கில் இன்னொன்று தெரிந்தது: ஏறுகிற நரம்பணுவைப் பெற்றதும் அந்த ரேடியல் கிளையாதான். தானே இரண்டாகப் பிளந்து, ஒன்றை ஏற்றி அனுப்பிவிட்டு, இன்னொன்றாகக் கீழேயே நிற்கிறது. ஏற்றி அனுப்புவதற்கு ஆள் தீர்ந்த பிறகு அவற்றில் பல நாரைச் சுருக்கிக்கொண்டு அஸ்ட்ரோசைட்டுகளாக மாறுகின்றன. இந்தத் தாயணுக்களுக்கும் காது உண்டு. காபாவும் குளுடமேட்டும் அவற்றை எட்டி, பிளப்பதை நிதானப்படுத்துகின்றன என்று லோடுர்கோ, கிரீக்ஸ்டீன் முதலியவர்கள் 1995இல் கண்டார்கள். ஒரு பேச்சு, பேசுவதற்கான வாய்களும் காதுகளும் முறையாக அமைவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடுகிறது.

2024 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவின் நடு மூன்று மாதங்களில் மூளை இருக்கும் விதத்தை 5,132 சீவல்களாக்கிப் படமெடுத்து வெளியிட்டது. தரணி என்று பெயர். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கனகம்மாசத்திரத்தில் உட்கார்ந்து நான் பார்த்தேன். சாயத்தில் அணுக்களின் உடல்கள்தான் தெரிகின்றன, நார்கள் தெரிவதில்லை. ஆனால் நடுவிலுள்ள குழியின் ஓரத்தில் கறுத்து அடர்ந்த ஒரு விளிம்பு இருக்கிறது. புறப்படும் இடம். ஒரு சீவலிலிருந்து அடுத்ததற்கு நகர நகர அந்த விளிம்பு மெலிந்து, மேலே மடிப்பேயில்லாத வழவழப்பான ஒரு பட்டை தடிக்கிறது. இரவு ஒரு மணிக்குமேல் ஆகியும் படத்தை மூட முடியவில்லை. பிறக்காமல் போன ஏதோ சில சிசுக்களின் மூளை என்ற நினைப்பு நடுநடுவே வந்து போயிற்று.

பிறந்த பிறகும் கிளையா உண்டாவது நிற்பதில்லை. ஆலிகோடென்ட்ரோசைட்டுகள் நரம்பிழைகளைச் சுற்றிக் கொழுப்புறை போடுகிறவை. மின்கம்பிக்கு மேலுறைபோல. உறை விழுந்த இழையில் செய்தி வேகமாகப் போகும். மனிதனுக்கு இந்த வேலை இருபது வயதைத் தாண்டியும் நடக்கிறது. இவற்றின் இளங்கன்றுகள், அதாவது முழு வளர்ச்சி பெறாத முன்னோடி அணுக்கள், வயதான மூளையிலும் எங்கும் சிதறி நிற்கின்றன. 2000இல் ட்வைட் பெர்ஜிலிஸும் சகாக்களும், இந்த முன்னோடிகளோடு நரம்பணுக்கள் முறைப்படியான சந்திப்புகளையே அமைத்துக்கொண்டிருப்பதைக் கண்டார்கள். தற்செயலாகக் காதில் விழுவதெல்லாம் இல்லை, இதற்கென்றே சொல்லப்படும் சொல். 2014இல் மிஷெல் மோன்யேயின் ஸ்டான்ஃபோர்டு குழு, எலியின் மூளையில் ஒரு பகுதியை ஒளியால் உசுப்பிக்கொண்டே இருந்தால் அங்கே முன்னோடிகள் பெருகுகின்றன, உறை தடிக்கிறது, எலியின் நடை மேம்படுகிறது என்று காட்டியது. எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறோமோ அதைச் சுற்றிக் கிளையா வளர்கிறது. இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

2012 ஆடிக் கிருத்திகை. திருத்தணிக்கு நடந்து போகும் காவடிகளுக்கு எங்கள் வாசலில் நீர்மோர் கொடுப்பது வழக்கம். கொத்தமல்லி, இஞ்சி தட்டிப்போட்டு அண்டா நிறைய வைத்துக்கொண்டு அத்தை நின்றாள். புஷ்பக் காவடி தூக்கிய ஒரு பையனிடம் டம்ளரை நீட்டி, “எண்ணெய் குடிப்பா” என்றாள். பையன் சிரித்தான். நாங்களும் சிரித்தோம். அடுத்தவரிடமும் எண்ணெய் என்றாள். அவள் சிரிக்கவில்லை. தன் வாயிலிருந்து வந்த சொல்லைத் திரும்பிப் பார்ப்பவள்போல நின்றாள். அடுத்த வாரம் சென்னையில் படமெடுத்தார்கள். இடது பக்கம், காதுக்கு உட்புறமாக. அறுவை செய்து எடுத்ததைப் பரிசோதித்து, கிளையோமா, நான்காம் படி என்றார்கள். கிளையாவின் வழியில் வந்த அணுக்கள் கட்டுமீறிப் பெருகுவது. டாக்டர் காகிதத்தில் அந்தப் பெயரை எழுதியபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது என் கவிதைதான். இப்படி எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அதுதான் முதலில் வந்தது.

கதிர்வீச்சு, மாத்திரை. வீட்டுக்குக் கூட்டிவந்தோம். பேச வையுங்கள், பொருட்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்லுங்கள், விட்டுவிடாதீர்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் ஓய்வு பெற்றிருக்கவில்லை. வேலைக்குப் போவதற்குமுன் ஒரு மணி, வந்தபின் ஒரு மணி. ஒரு தட்டில் தினசரி சாமான்கள்: தீப்பெட்டி, சீப்பு, வெற்றிலை, டம்ளர், மூக்குக் கண்ணாடி, சாவி. ஒரு நோட்டில் கட்டம் போட்டு, சொன்னால் சரிக்குறி, சொல்லாவிட்டால் பெருக்கல் குறி. எனக்கு எதையும் ஒழுங்காகச் செய்துதான் பழக்கம். அத்தைக்கு வியர்க்கும். வார்த்தையைத் தேடும்போது புறங்கழுத்தில் நரம்பு புடைத்துக்கொள்ளும். “இன்னும் ஒரு தடவை பாருங்க” என்பேன். சொல்லிவிட்டால் இரண்டுபேரும் ஜெயித்த மாதிரி இருக்கும். பதினோரு மாதங்களில், 2013 ஆனியில், போய்விட்டாள்.

2019 செப்டம்பரில் என் மகள் இரண்டு கட்டுரைகளை அனுப்பினாள். வெளிநாட்டில் மருந்தியல் சோதனைச்சாலையில் இருக்கிறாள். அப்பாவுக்கு இதில் ஈடுபாடு என்று தெரியும். அவள் யோசிக்காமல் அனுப்பினாள் என்றுதான் நினைக்கிறேன். இரண்டும் ‘நேச்சர்’ பத்திரிகையில் ஒன்றாகவே வந்தவை. ஒன்று மோன்யேயின் குழுவிலிருந்து ஹம்சா வெங்கடேஷ் முதல் பெயராக. மற்றது ஹைடல்பர்க்கிலிருந்து வருண் வெங்கடரமணி முதல் பெயராக. நரம்பணுக்கள் கிளையோமா அணுக்களோடும் முறைப்படியான சந்திப்புகளை அமைத்துக்கொள்கின்றன. அந்தச் சந்திப்பில் குளுடமேட் உமிழப்படுகிறது. புற்றணு அதைக் கேட்கிறது. கேட்டு, பெருகுகிறது, பரவுகிறது. ஆரோக்கியமான முன்னோடி அணு எந்தக் காதால் கேட்டு வளர்கிறதோ அதே காது. நரம்புகளின் இயக்கமே கட்டிக்குத் தீனி. நான்கு வருஷம் முன்பே, 2015இல், வெங்கடேஷ் இதன் முதல் பகுதியைக் கண்டிருந்தார்: உசுப்பப்பட்ட நரம்பணுக்களிலிருந்து நியூரோலிஜின்-3 என்ற புரதம் உதிர்ந்து கட்டியை வளர்க்கிறது என்று.

முதல் தடவை படித்தபோது எனக்கு விஞ்ஞானமாகவே படித்தது. அடடா என்றுகூடச் சொன்னேன். இரவில், தண்ணீர் குடிக்க எழுந்தபோதுதான் அந்தத் தட்டு ஞாபகம் வந்தது.

தெரிந்த நரம்பியல் டாக்டர் ஒருவரிடம் போய்க் கேட்டேன். கேட்டது இவ்வளவுதான்: நான் அத்தையைப் பேச வைத்ததால் அது வளர்ந்ததா? அவர் நல்ல மனிதர், உடனே இல்லை என்று சொல்லிவிடவில்லை. பரிசோதனை எலிகளில், பாத்திரங்களில் நடந்தது, ஒரு மணி நேரப் பேச்சைப் பற்றி அதிலிருந்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார். “வாயை மூடினா மூளை மூடிக்குமா சார்? தூங்கறப்பவும் அது ஓடிக்கிட்டுதான் இருக்கு. பேசாம இருங்கன்னு உலகத்துல எந்த டாக்டரும் சொல்றதில்ல” என்றார். வலிப்புக்குக் கொடுக்கும் சில மருந்துகளால் இந்தக் காதை அடைக்க முடியுமா என்று சோதித்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். அவர் தர்க்கத்தில் ஓட்டையில்லை. இன்றும் இல்லை என்றே நினைக்கிறேன். குற்றவுணர்ச்சி தர்க்கத்தின் சந்துகளில் அடைத்து வைக்கிற வஸ்து போலும். இல்லை, இது மறுபடியும் உருவகம். விட்டுவிடுகிறேன்.

2023இல் இன்னொன்று வந்தது. சான் பிரான்சிஸ்கோவில் சரிதா கிருஷ்ணா முதலியவர்கள் செய்தது. கிளையோமா உள்ளவர்களின் திறந்த மூளைமீது மின்முனைகளைப் பரப்பி, விழித்திருக்கும் நோயாளிக்குப் படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொன்னார்கள். பெயரைத் தேடும்போது, சாதாரணமாகப் பேச்சுக்கு வேலை செய்யும் இடங்கள் மட்டுமில்லாமல், கட்டி ஊடுருவிய இடங்களும் அந்த வேலையில் சேர்ந்து இயங்கின. நரம்புகளோடு இப்படி அதிகம் பின்னிக்கொண்ட கட்டிகளை உடையவர்கள் குறைந்த நாட்களே உயிரோடு இருந்தார்கள். படத்தைக் காட்டுவது, பெயரைக் கேட்பது. நான் படத்துக்குப் பதில் சாமானை வைத்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். இந்தத் தடவை நான் எந்த டாக்டரிடமும் போகவில்லை.

வெகுநாள் என் மனத்தில் உறுத்தியது கட்டிகூட இல்லை. 2013 மார்ச்சில் ஒரு காலை. தட்டிலிருந்து சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, இது என்ன என்று கேட்டேன். அத்தை அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு விரல்களை மடக்கிக் கையை மூடிக்கொண்டாள். இரண்டாம் முறை கேட்டேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்றிலிருந்து பயிற்சி நின்றது. அன்றிலிருந்து அவள் பேசியதும் அநேகமாக நின்றது. நோய் முற்றியதன் அடையாளம் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குச் சந்தேகம் இருந்தது. அந்தக் கை மூடியதில் ஒரு தீர்மானம் தெரிந்தது.

இதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. அதே 2019இல் அமெரிக்காவில், ஒரு விரல்நகம்கூட இல்லாத வரிக்குதிரை மீன் குஞ்சுகளை வைத்துச் செய்தது. மீனை அசையாமல் பிடித்து, சுற்றிலும் பொய்யான காட்சியை ஓடவிடுகிறார்கள். மீன் நீந்த முயன்றால் காட்சி நகர வேண்டும். நகராமல் நிறுத்திவிடுகிறார்கள். மீன் இன்னும் பலமாக முயல்கிறது. காட்சி நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் முயற்சியை நிறுத்திவிடுகிறது. யார் நிறுத்துகிறார்கள் என்று தேடியதில், ஒவ்வொரு தோல்வியையும் நோரட்ரினலின் அணுக்கள் கிளையாவுக்குச் சொல்கின்றன, கிளையாவுக்குள் கால்சியம் சிறுகச் சிறுகச் சேர்கிறது, ஓர் அளவைத் தாண்டியதும் அது நீச்சலை அடக்குகிறது என்று தெரிந்தது. இவ்வளவு போதும் என்று தோல்விகளை எண்ணிக்கொண்டிருந்தது மக்குதான்.

மீனிலிருந்து அத்தைக்குத் தாவ எனக்கு உரிமையில்லை. 1986இல் அந்த மாதிரித் தாவியவனுக்கு வந்த அஞ்சலட்டை இப்போது கையில் இல்லையே தவிர, வாசகம் இருக்கிறது. அத்தை நிறுத்தியதற்குக் காரணம் கட்டியாக இருக்கலாம். களைப்பாக இருக்கலாம். என்மேல் கோபமாக இருக்கலாம். கோபப்பட நியாயம் உண்டு என்பதை அந்த நோட்டைச் சமீபத்தில் எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்துகொண்டேன்.

மொழிகளில் முதலில் அவளைவிட்டுப் போனது தமிழ். வயதான பிறகு பஸ் போர்டுகளிலிருந்து எடுத்துக்கொண்ட எழுத்து, தெருவின் பேச்சு, எல்லாம் ஜனவரியிலேயே தேய ஆரம்பித்துவிட்டன. தெலுங்கு நின்றது. சீப்பைக் காட்டினால் “துவ்வெனா” என்பாள். தீப்பெட்டிக்கு “அக்கிபெட்டெ”. நான் “தமிழ்ல சொல்லுங்க” என்பேன். அவளோடு பிறந்ததிலிருந்து தெலுங்கில் பேசியவன் அந்தத் தட்டுக்கு முன்னால் மட்டும் ஏன் தமிழனாக உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. கட்டம் போட்ட நோட்டில் பெயர்களைத் தமிழில் எழுதியிருந்தேன், அதனால் இருக்கலாம். முந்நூறு உறைகளின் தமிழ் முகவரிகளை அவள் எழுத்துக் கூட்டிப் படித்தது போய்விடக் கூடாது என்றும் இருந்திருக்கலாம். சாவிக்கு அவள் சொன்னது “தாளம்செவி”. தெலுங்கில் தாளம் என்றால் பூட்டு, செவி என்றால் காதுதான். பூட்டின் காது. தினமும் சாவியை எடுத்துக் கையில் வைத்தால், நேரமெடுத்துக்கொண்டு, நரம்பு புடைக்க, மிகச் சரியாக அதைச் சொன்னாள்.

நோட்டில் சாவிக்கு எதிரே ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சுக் கட்டங்களில் வரிசையாகப் பெருக்கல் குறிகள். நாற்பத்தொன்று எண்ணினேன். அவற்றில் எத்தனை நாள் அவள் தாளம்செவி என்று சொன்னாள், எத்தனை நாள் ஒன்றும் சொல்லவில்லை என்று நான் குறித்து வைக்கவில்லை.